வெள்ளை ஓரத்துச் செடி

"அப்பா, சூளை வேலையிலிருந்து எப்படி வெளியே வந்தீங்க?" என்று பிள்ளைகள் நீங்கள் கேட்பீர்கள். ஒரு செடியால்தான் என்று சொல்லி விட்டுவிடுவேன். இப்போது முழுசாக எழுதுகிறேன்.

துபாய்க்கு அந்தப் பக்கம் ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனி. எனக்கு டைல்ஸ் சுடுகிற சூளைப் பக்கம் டூட்டி. வெளியே ஒரு வெயில், உள்ளே ஒரு வெயில். மேனேஜர் வீட்டுத் தோட்டக்காரர் ஊரோடு போய்விட்டதால், விவசாயம் தெரிந்தவன் என்று என்னை அனுப்பினார்கள். கோடை முடியட்டும், சரிப்படாவிட்டால் திரும்பச் சூளைதான் என்று ஃபோர்மேன் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அந்த வீட்டு மேடம் தொட்டியில் ஒரு குளிர்தேசத்துச் செடி வைத்திருந்தார். டாக்வுட் என்பார்கள். சிவந்த தண்டு, பச்சை இலை, இலையைச் சுற்றி வெள்ளை ஓரம். குடும்பத்தோடு லீவுக்குக் கிளம்பும்போது, வேறு எது போனாலும் போகட்டும், இது இருக்கணும் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

வெயில் ஏற ஏற இலை ஓரம் கருகியது. மாடி டேங்க் தண்ணீர் கொதிக்கும், உப்பு வேறு. அதனால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றினேன். அந்த வீட்டில் சமைக்கிற யாழ்ப்பாணத்து அக்கா, துணி துவைக்கிற அறை ஜன்னலோரம் தொட்டிக்கு இடம் கொடுத்தார். செடிக்கு ஏசி ரூம் கிடைத்துவிட்டது, நமக்கு எப்போது என்று நாங்கள் தங்கியிருந்த கேம்பில் கிண்டல்.

கொஞ்ச நாளில் அடியிலிருந்து புதுக் கிளைகள் வந்தன. வெள்ளையே இல்லை, முழுப் பச்சை, மளமளவென்று வளர்ந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம் ஊரில் இலை வெளுத்தால் தேமல் நோய் என்று பிடுங்கிப் போடுவோமே, அந்த நினைப்பு.

அக்காவும் பார்த்துவிட்டு, "அண்ணை, வருத்தம் மாறீட்டுது. இனி அந்த வெள்ளைக் கொப்புகளை வெட்டி விடுங்கோ" என்றார். அவர்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய்.

கத்தரியை எடுத்துவிட்டேன். ஆனால் செடி நம்முடையது இல்லையே, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டலாம் என்று வைத்துவிட்டேன்.

மேடம் திரும்பி வந்தார். நேரே தொட்டிக்குப் போனார். கத்தரியை வாங்கி, நான் கொண்டாடின பச்சைக் கிளைகளை அடியோடு வெட்டினார். சூளை வாசல் கண்ணில் தெரிந்தது.

"வெள்ளையில ஏதாவது வெட்டினியா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அப்போதுதான் சிரித்தார். அந்த வெள்ளை ஓரம் நோய் இல்லை, அதன் அழகே அதுதான். வெறும் பச்சைக் கிளைக்குப் பலம் அதிகம், விட்டால் மற்றதை அமுக்கி மொத்தச் செடியும் பச்சையாகிவிடும் என்றார். பிறகு, "அடுத்த லீவுக்கும் நீதான் பார்க்கணும்" என்றார்.

வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். அன்று ராத்திரி உங்கள் அம்மாவுக்குப் போன் போட்டு, நடந்ததையெல்லாம் சொல்லி, இனி சூளை இல்லை என்றேன். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், வெட்டின பச்சைக் கிளையை என்ன செய்தீர்கள் என்று கேட்டாள்.

குப்பையில் போட மனசு வரவில்லை. அக்காவும் நானும் சமையலறைக்குப் பின்னால் நிழலில் ஊன்றி வைத்திருந்தோம், அதே ஏசித் தண்ணீரை ஊற்றி.