ஹாலிப் பாட்டும் காப்பிச் செடியும்

“ஏம்மா, அது வெள்ளக்காரங்க கிறிஸ்துமஸ் கேரல் பாட்டு. நீ காப்பிப் பழம் பறிக்கறவங்க ஊட்டுப் புள்ள. கெஸ்ட்டுகிட்ட என்னத்தச் சொல்லிப் புரிய வெப்பே?” என்றார் மேனேஜர்.

ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியில் அப்போது நான் ட்ரெய்னி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள், பட்டமும் வாங்கியிருந்தேன். விருந்தினருக்கு ஒரு பாட்டின் கதையைச் சொல்லும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியை ஒழுங்காக நடத்தினால்தான் வேலை நிரந்தரம்.

“பத்து நிமிசம் குடுங்க சார், சொல்லிக் காட்டறேனுங்க,” என்றேன்.

அது ஹாலி என்ற முள்ளிலைச் செடியைப் பற்றிய பாட்டு. பனியிலும் பசுமை மாறாத செடி என்பதால், கிறிஸ்துமஸ் என்ற பண்டிகையே தோன்றுவதற்கு முன்பிருந்து வெள்ளைக்காரர்கள் அதன் கிளைகளை வீட்டில் கட்டினார்களாம். பிறகு வெள்ளைப் பூவுக்கு மாதாவின் தூய்மை, சிவப்புப் பழத்துக்கு இயேசுவின் ரத்தம், இலையின் முள்ளுக்கு முள்முடி, பட்டையின் கசப்புக்குச் சிலுவைப்பாடு என்று அர்த்தம் சேர்ந்தது. ஒற்றைத் தாளில் அச்சடித்துத் தெருவில் விற்ற பாட்டு. இன்று பாடும் மெட்டு, ஒரு கிராமத்துப் பெண் பாடக் கேட்டு எழுதி வைத்தது. இதைப் படித்தபோது எனக்குக் குஷி தாங்கவில்லை.

இருபத்து நாலாம் தேதி காலை சேலத்திலிருந்து அலங்காரப் பெட்டி வந்தது. திறந்தால், ஹாலிக்குப் பதில் பிளாஸ்டிக் சூரியகாந்தி!

“காப்பிச் செடியும் செவப்பாத்தான காச்சிருக்குது? பத்துக் கெளை வெட்டிட்டு வா,” என்றார் மேனேஜர்.

கத்தரியோடு பின்பக்க எஸ்டேட்டுக்கு ஓடினேன். அங்கே அம்மா இடுப்பில் கூடை கட்டிப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்.

“ஏ சாமி! கெளையவா வெட்டறே? பழுத்தத மட்டுந்தான் எடுக்கோணும். கெளைய ஒடிச்சா அடுத்த வருசம் பூ எங்க கண்ணு வரும், உன் தலையிலயா?”

கூட இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் கத்தரி கைநழுவியது. சிறுவயதிலிருந்து தெரிந்த விஷயம், அவசரத்தில் மறந்திருந்தேன். வெறுங்கையோடு திரும்பினேன்.

“செடிய மேடைக்குக் கொண்டார முடியாதுங்க சார். கெஸ்ட்ட செடிகிட்டக் கூட்டிட்டுப் போறேனுங்க.”

“யாராச்சும் வழுக்கி உழுந்தா?”

“நான் புடிச்சுக்கறேனுங்க.”

மாலை நாலு மணிக்கு முப்பது பேர் வந்தார்கள். சிவப்புக்குக் காப்பிப் பழம். முள்ளுக்கு ஆரஞ்சு மரம். கசப்புக்குச் சர்க்கரை போடாத கறுப்புக் காப்பி. ஆளாளுக்கு முகத்தைச் சுளித்துச் சிரித்தார்கள். பூவுக்கு, கோடை மழைக்குப் பின் காப்பி வெள்ளையாகப் பூத்தபோது எடுத்த வீடியோவைப் போனில் காட்டினேன். “ஹாலியும் இப்படித்தாங்க. பூ ஒரு பருவம், பழம் ஒரு பருவம். பாட்டுலதான் எல்லாம் ஒண்ணா வருது.”

சென்னையிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் மடக்கினார்: “பாட்டுல ஐவிக் கொடியும் வருதேம்மா, அதுக்கென்ன அர்த்தம்?”

“ஆரம்பத்துல பேரு வருதுங்க. அப்புறம் அதப் பத்திப் பேச்சே இல்ல. கல்யாணப் பத்திரிகைல மட்டும் இருக்கற மாமா மாதிரி!”

ஐவிக்குப் பதிலாக, நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த மிளகுக்கொடியைக் காட்டினேன். டீச்சர் குலுங்கிச் சிரித்து, தானே பாட்டை எடுத்துக்கொடுத்தார். முப்பது பேரும் செடிகளுக்கு நடுவே நின்று பாடினார்கள். அம்மாவும் மற்றவர்களும் கூடையோடு நின்று கேட்டார்கள்.

மறுநாள் மேனேஜர் வேலை ஆர்டரை நீட்டினார். “நொம்ப நல்லாருந்துச்சும்மா.”

இந்த வேலைக்கு வரும் தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன்: தூரத்து ஊர்ப் பாட்டானாலும், உங்களுக்குத் தெரிந்த செடியின் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். நாக்கு தடுமாறாது.

காப்பி பூக்கும் பருவத்துக்கு விருந்தினரைத் தோட்டத்துக்குள் கூட்டிப்போகும் இன்னொரு நடைக்குத் திட்டம் எழுதிக் கொடுத்துவிட்டேன். வழிகாட்டிகள் இருவர், முதல் பெயர் அம்மாவுடையது. அம்மாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை.