ஏழாம் வாசலின் விதி

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு நாளிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அலுவலக அலமாரியில் கிடந்த உலக வரலாற்றுப் புத்தகத்தில் சுமேரியர்களின் புராணங்களைப் படித்துவிட்டு, இளம் வயதினருக்கு ஒரு சாகச நாவல் எழுதத் தொடங்கினேன். பூமிக்கு அடியில் நன்னீர்க் கடல் ஒன்று இருப்பதாகவும் அதை ஒரு தெய்வம் ஆள்வதாகவும் அந்த மக்கள் நம்பினார்கள். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில், கிணறு வற்றிப்போன தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அதை நம்பச் சிரமமாக இல்லை.

என் கதையில் ஒரு செங்கல் நகரத்தின் ஆறு வற்றுகிறது. குயவரின் மகள் தண்ணீர் தேடிப் பாதாளத்தில் இறங்குகிறாள். ஏழு வாசல்கள். ஒவ்வொன்றிலும் காவலன் அவளிடமிருந்து ஒரு பொருளைப் பறித்துக்கொள்கிறான். ஏழாம் வாசலில் ஒரு விதி சொல்லப்படும்: கீழே போனவர் மேலே வரவேண்டுமானால் அவருக்குப் பதிலாக இன்னொருவர் கீழே போகவேண்டும். இது என் கற்பனை அல்ல. பழைய புராணத்திலேயே இருப்பது.

விடுமுறை நாட்களில் ஊருக்குப் போனால் எழுதியதை அண்ணன் மனைவிக்குப் படித்துக் காட்டுவேன். அண்ணியை எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். அவர் மேச்சேரிக்காரர். திருமணமாகிச் சில வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. மூன்றாம் வாசலில் காவலன் குடத்தைக் கேட்கும் இடத்தில் என்னை நிறுத்தினார்.

"தண்ணி கொண்டார போறவகிட்டக் குடத்தைப் புடுங்கிக்கிட்டா எதுல மொண்டுக்கிட்டு வருவா? உங்க காவக்காரனுக்கு ஊட்டு வேலையே தெரியாதாட்ட இருக்குதே அம்மணி."

அந்த வாசலைத் திருத்தி எழுதினேன். ஏழாம் வாசலின் விதிவரை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

அந்தக் கோடையில் அப்பா தோட்டத்தில் போர்வெல் போட முடிவு செய்தார். நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டமெங்கும் நடந்தார். மேட்டு மூலையில் தேங்காய் நிமிர்ந்து நின்றது. திருச்செங்கோட்டிலிருந்து துளை போடும் ரிக் வண்டி வந்தது. சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்துத் துளையை ஆரம்பித்தார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. துளை இறங்கும்போது பிள்ளை பெறாத பெண் அந்தப் பக்கம் வரக்கூடாது. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நங்கை காலையிலிருந்தே சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. மத்தியானம் ரிக் ஆட்கள் டீ கேட்டார்கள். சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மா, டீப்போசியை நங்கை கையில் கொடுத்து, வைத்துவிட்டு வரச் சொன்னார். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயும்வரை துளையிலிருந்து வெள்ளைப் பாறை மாவுதான் பறந்தது. துளையிடும் இரும்பு ராடுகளில் கடைசியும் இறங்கிய பிறகும் ஈரமில்லை. ராடுகளைக் கழற்றும்போது, அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, இங்கே யார் வந்தது என்று கேட்டார். அம்மா வாயைத் திறக்கவில்லை. அம்மாதான் அனுப்பினார் என்று நான் சொன்னேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் வீட்டு வாசலில் நின்ற நங்கையைப் பார்த்தார்கள். அவர் தலையிலும் முகத்திலும் பாறை மாவு படிந்திருந்தது. அங்கே நின்ற எல்லோர் மேலும்தான் படிந்திருந்தது.

இன்னொரு போர் போடலாம், அதுவரை அவள் தாய்வீட்டில் இருக்கட்டும் என்று முடிவானது. தண்ணீர் கண்டதும் வந்து கூட்டிக்கொள்வதாகச் சொல்லி அண்ணன் மேச்சேரிக்குக் கொண்டுபோய் விட்டான். ஒரு துணிப்பையோடுதான் நங்கை போனார்.

இந்த முறை தேங்காய் நிமிர்ந்தது பள்ளத்தில், ஓடைக்கரையை ஒட்டி. ராடுகளில் பாதி இறங்குவதற்குள் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அப்பா நனைந்தபடி அழுதார். நானும் கையில் ஏந்திக் குடித்தேன். உப்புக்கரிக்கவில்லை. அன்றைக்கே சித்தப்பாவிடம் சொன்னேன்: முதல் துளை மேட்டில், இது ஓடைக்கரையில், இடம்தான் வேறு, நங்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

"பேப்பர்ல எழுத்தப் பாக்கறவளுக்குப் பாறைக்குள்ள என்ன இருக்குதுன்னு தெரியுமாக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான்.

தண்ணீர் வந்திருக்காவிட்டால் நங்கை திரும்பி வந்திருப்பார். ஊரில் வறண்ட துளை எத்தனையோ உண்டு, இதையும் மறந்திருப்பார்கள். வந்த தண்ணீர் அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. கிழங்கு நட்ட பிறகு போகிறேன் என்றான் அண்ணன். ஆடி கழியட்டும் என்றான். பிறகு இரு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி அந்தக் கல்யாணத்தைத் தீர்த்துவிட்டார்கள். அடுத்த தையில் அண்ணனுக்கு மனைவியாக வேறொரு பெண் வந்து மோட்டார் சுவிட்சைப் போட்டாள். அவள் கை ராசியான கை என்றார் அம்மா.

நாவல் ஒரு வார இதழில் தொடராக வந்தது. கடைசி அத்தியாயத்தைப் படித்த ஆசிரியர், சின்னப் பிள்ளைகளுக்கு அந்த விதி எதற்கு, எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்துவிட்டேன். குயவர் மகள் தண்ணீரோடு மேலே வந்தாள், நகரம் கொண்டாடியது. வாசகர்களுக்குப் பிடித்திருந்தது.

புத்தகமானதும் ஒரு பிரதியை மேச்சேரிக்கு எடுத்துப்போனேன். நங்கை ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் புரட்டிப் படித்தார்.

"இவ மேல வந்துட்டா. இவளுக்குப் பதிலாக் கீழ போனது யாரு?"

யாருமில்லை, அந்த விதியை எடுத்துவிட்டேன் என்றேன்.

"எடுத்துப்போடற விதியா அம்மணி அது?"

கோபமாகக் கேட்கவில்லை. புத்தகத்தை ஆட்டுக்கு எட்டாத உயரத்தில், கூரைச் சந்தில் செருகிவிட்டு மறுபடியும் தழையை எடுத்தார். நான் கிளம்பும்போதுதான் கேட்டார்.

"தோட்டத்துல தண்ணி நல்லா வருதா?"

வருகிறது என்றேன். அது உண்மைதான்.