சுறா எண்ணெய் பூசிய படம்

அந்தப் பலகையைக் கரைக்கு இழுத்தபோது நின்றவர்களைச் சொல்கிறேன். வாப்பா நின்றார், இடுப்புவரை நனைந்து. அவருடைய தம்பி, எங்கள் சாச்சா, கயிற்றின் மறு நுனியில் நின்றார். உம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். பலகையில் ஒட்டிய பாசி அழுகி அப்படி நாறியது. பள்ளிவாசல் லெப்பை குடையோடு நின்றார். பிறகு நான். எனக்கு எட்டு வயது.

அது ஒரு பழைய பயணிகள் கப்பலில் இருந்த பலகை. ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் அதில் ஏறி ஆஸ்திரேலியாவரை போவார்களாம். வயது போன கப்பலை உடைத்து இரும்புக்கு விற்கவென்று இன்னொரு கப்பலில் கட்டி இழுத்துப்போக, சோளகக் காற்றில் கயிறு அறுந்து, எங்கள் மாம்புரிக்கு நேரே கடலுக்கடியில் கிடக்கும் முருகைக்கல் 'பாரில்' ஏறிவிட்டது. ஆட்கள் வள்ளத்தில் போய்க் கதிரை, கண்ணாடி, கதவு என்று கொண்டுவந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது படம்.

பலகை ஒரு கதவளவு உயரம். அதில் நீலத் தண்ணீர், ஒரு மாதுளை மரம், தண்ணீர் குடிக்கும் மான். கரையில் ஒரு பெண் யாரோ கூப்பிட்டதுபோலத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அதற்குமுன் அவ்வளவு பெரிய முகத்தை நான் படத்தில் பார்த்ததில்லை.

"உருவம் இரிக்கிற ஊட்டுக்குள்ள மலக்குமார் வரமாட்டாங்க தம்பி. உள்ள வெக்க வாணாம்" என்றார் லெப்பை. மலக்குமார் என்றால் அல்லாஹ்வின் வானவர்கள்.

"அப்ப அறுத்து வள்ளத்துக்குப் பலகை போடுவம் நானா. நல்ல தேக்கு" என்றார் சாச்சா.

வாப்பா மரமறுக்கும் வாளை எடுத்துவரச் சொல்லியும் விட்டார். அறுக்கும் முன் பாலாவிப் பக்கமிருந்து ஒரு ஜீப் வந்தது. கொழும்பு மனிதர் ஒருவர் இறங்கி, கப்பல் சாமான்களைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார். படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"இது பேர்போன ஆள் கீறினது. இந்தக் கப்பல்ல இருந்த படமெல்லாம் ஒரு இடத்தில சேர்க்கப் போறாங்க. பழுதாகாமப் பாத்துக்கொள்ளுங்க. வந்து எடுப்பம்."

"ஓம். அமானிதமா வெக்கிறன்" என்றார் வாப்பா.

அமானிதம் என்றால் ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். கேட்கும் நாளில் தந்தபடியே திருப்பித் தரவேண்டும். தராவிட்டால் மறுமையில் கேள்வி இருக்கிறது. வாப்பா அதிகம் பேசாதவர். சொன்னால் சொன்னதுதான்.

வீட்டுக்குள் வைக்க முடியாததால், வலை வைக்கும் ஓலை வாடியில் படத்தைச் சாய்த்துவைத்தார். வாடி கடலோரம். ஒரு மாதத்தில் பலகையில் உப்புப் பூத்தது. வாப்பா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பிலிருந்து மரத்தைக் காப்பாற்ற எங்கள் கரைக்குத் தெரிந்தது ஒன்றுதான். சுறாவின் ஈரலைப் பீப்பாவில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் உருகிவரும். அதைத்தான் வள்ளத்துக்குப் பூசுவோம். வாப்பா படத்துக்கும் பூசினார்.

முதல் தடவை பூசியபோது மங்கிக் கிடந்த நிறமெல்லாம் எழும்பி வந்தது. அந்தப் பெண் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவள்போல இருந்தாள். வாப்பா சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது கொஞ்சம்.

அதன்பிறகு வருடந்தோறும் வள்ளத்துக்குப் பூசும் நாளில் படத்துக்கும் பூசுவார்.

"எண்ணெய் வெச்சாப் போதுமா நானா? தலையும் பின்னி உடுங்க" என்பார் சாச்சா.

"என்ட தலைக்கு வெக்க ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் இல்ல. கப்பல்காரிக்கு மட்டும் வருசம் தவறாம எண்ணெய்" என்பார் உம்மா.

வாப்பா மானின் கண்ணோரம் விரலால் மெதுவாகத் தடவுவார்.

எடுக்க யாரும் வரவில்லை. படம் கறுத்துக்கொண்டு வந்தது. தினமும் பார்த்த எங்களுக்கு அது தெரியவில்லை. கண்மூடி மௌத்தாகும் முன் வாப்பா என்னைக் கூப்பிட்டார். "அவங்க வந்தாக் கையில குடு. ஒண்டும் கேக்காத" என்றார். கலியாணம் முடித்துக் கனமூலை என்ற ஊருக்கு வந்தபோது படமும் என்னோடு வந்தது. விறகுக் கொட்டிலில் வைத்தேன். நானும் வருடந்தோறும் பூசினேன்.

இந்த வருடம் நோன்புக்கு முந்திய மாதம் அவர்கள் வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண், அவளோடு தமிழ் கதைக்கும் கொழும்புத் தம்பி ஒருவர். அந்தக் கப்பலின் மண்டபத்தை அதன் பழைய சாமான்களோடு வெளிநாட்டில் திரும்பக் கட்டுகிறார்களாம். படம் கப்பலில் மாட்டியிருந்தபோது எடுத்த போட்டோவை அவள் பலகைக்குப் பக்கத்தில் பிடித்தாள். போட்டோவில் பெண் இருந்தாள். பலகை அடிப்பிடித்த சட்டிபோல இருந்தது.

பஞ்சை எதிலோ நனைத்து ஒரு மூலையைத் துடைத்தாள். பஞ்சில் கறுப்பு வந்தது. இன்னொரு பஞ்சு எடுத்தாள். அதில் நீலம் வந்தது. அந்த இடத்தில் வெறும் மரம் தெரிந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"ராத்தா, இந்த எண்ணெய யாரு பூசின? உப்போட கிடந்திருந்தாலும் திருத்தியிருக்கலாமாம். எண்ணெய் நிறத்துக்குள்ளயே ஊறிட்டுதாம்" என்றார் தம்பி.

"நான்தான்" என்றேன்.

வாப்பாவின் பேரை எடுக்கவில்லை. அவள் என் தோளைத் தொட வந்தாள். நான் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனேன்.

பாரில் இப்போது கப்பலின் துண்டு எதுவும் தெரிவதில்லை. வள்ளங்களும் இல்லை, எல்லாம் பைபர் போட். அதற்கு எண்ணெய் தேவையில்லை. ஈரல் உருக்கும் மணம் கரையில் அடித்து வருடக்கணக்காகிறது. அன்று கரையில் நின்றவர்களில் நான் மட்டும் இருக்கிறேன்.

படத்தை அவர்கள் எடுக்கவில்லை. பலகையைத் திருப்பி, பின்பக்கச் சட்டத்தில் கப்பலின் முத்திரை பதித்த பித்தளைத் திருகாணிகள் இருப்பதைப் பார்த்தார்கள். அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு சின்னப் பையில் போட்டு, என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கையில் கொடுத்தது அவ்வளவுதான்.

பதினொரு திருகாணி.