பொறையாத்தம்மன் தெருக் கிரைண்டர்

பாகூர் ஏரிக்குக் கீழே, பொறையாத்தம்மன் கோயில் தெருவில் கலியம்மாள் என்று கேட்டால் யாரும் சட்டென்று சொல்ல மாட்டார்கள். மாவுக்காரம்மா என்றால் கைகாட்டி விடுவார்கள். வயது ஐம்பத்தொன்று. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியைச் சுற்றி அறை எடுத்துத் தங்கியிருக்கிற நர்சுப் பெண்களுக்கு இட்லி மாவு கொடுத்துப் பிழைக்கிறவள். வெள்ளிக்கிழமை தலை முழுகி ஆத்தாளுக்கு விளக்குப் போடாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது.

அவள் புருஷன் நாகராஜன் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் குழாயடிக்குப் போனார். அங்கேயே உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஊரே வந்து அழுதது. கலியம்மாளுக்கு மட்டும் அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போய், தட்டிப் பார்த்தால் அடுத்தவர் கன்னம் மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. காரியம் முடிந்து பதினேழாம் நாள் உளுந்து ஊறப்போட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை ஒருநாளும் நிறுத்தவில்லை.

அந்தக் கிரைண்டர் விஷயம் அதற்கும் எட்டு மாதம் முந்தி நடந்தது.

வெளிநாட்டு யூனிவர்சிட்டி ஒன்றும், நம்ம கவர்மெண்டும், கிரைண்டர் செய்கிற கம்பெனி ஒன்றும் கூட்டாகச் சேர்ந்து ஒரு ஆராய்ச்சி ஆரம்பித்தார்கள். மாவு வியாபாரம் செய்கிற பெண்களுக்குப் பத்து லிட்டர் பெரிய கிரைண்டர் கொடுத்தால் குடும்பம் மேலே வருமா வராதா என்று இரண்டு வருஷம் பார்ப்பார்களாம். வந்தால் எல்லாக் கொம்யூன் பஞ்சாயத்திலும் கொடுக்க கவர்மெண்டு திட்டம் போடுமாம். பல ஊர்களில் தெருவுக்குப் பத்துப் பேரை எழுதிக்கொண்டார்கள். அதில் ஐந்து பேருக்கு மெஷின். மீதி ஐந்து பேருக்கு மெஷின் கிடையாது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து அவர்களையும் கேள்வி கேட்பார்கள்.

யாருக்கு, யாருக்கு இல்லை என்று குலுக்கிப் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். மற்ற ஊர்களில் ஆபீசிலேயே கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டார்கள். இந்தத் தெருப் பெண்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரை யார் கண்டது, ஆத்தா எதிரில் எடுங்கள் என்றார்கள். வந்திருந்த வெளிநாட்டம்மாவும் சந்தோஷமாகத் தலையாட்டினாள். பூசாரி ராசு பித்தளைச் சொம்பில் பத்துச் சீட்டைப் போட்டு, சொம்புக்குக் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஐந்தை எடுத்தார். பக்கத்து வீட்டு மஞ்சுளா பேர் வந்தது. கலியம்மாள் பேர் வரவில்லை.

சூப்பர்வைசர் சுரேஷ்குமார் ஒரு காகிதத்தைப் பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பேர் சொல்கிற வேகத்தில் படித்தார். மெஷினை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று அதில் இருந்தது. விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது என்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

மெஷின் வந்த அன்று மஞ்சுளா அதற்குப் பொட்டு வைத்துப் பூப் போட்டாள். முதல் மாவில் கொழுக்கட்டை செய்து கோயிலுக்குக் கொடுத்தாள். மறுநாள் மத்தியானம் கலியம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

“உளுந்த எடுத்துக்கினு வாக்கா. ரெண்டு மணிலேர்ந்து நாலு மணி உன்னுது.”

கலியம்மாள் தயங்கினாள்.

“ஆத்தா குடுத்தத ஒண்டியா துன்னா வயிறு வெந்துடும். வா.”

மற்ற நான்கு மெஷின்களும் அப்படியேதான் ஆயின. சாமி முன்னால் கற்பூரம் காட்டி வந்தது பிரசாதம். பிரசாதத்தை வாங்கி ஒருத்தி தனியாக உள்ளே வைத்துக்கொள்கிற வழக்கம் அந்தத் தெருவில் இல்லை. மெஷின் வந்த ஒவ்வொருத்தியும் வராத ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டாள். ஐந்து கிரைண்டரில் பத்துப் பேர் அரைத்தார்கள். காசம்மாள் மட்டும் வாய் சும்மா இராமல், “மெஷினுக்கு அவளுங்க, கேள்விக்கு நாமளா” என்று சொல்லிக்கொண்டே மெஷின் வந்திருந்த முருகன் கோயில் மூலை வீட்டுக்கு அரிசிக் குண்டானைத் தூக்கிக்கொண்டு போவாள்.

கேள்வி கேட்க வருகிற பெண் நிவேதா. வில்லியனூர்க்காரி. பெரிய படிப்பு படித்தவள். டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கேட்பாள். வீட்டில் எத்தனை பேர், போன வாரம் எத்தனை நாள் காய் வாங்கினீர்கள், உங்களுக்குச் சொந்தமாக என்னென்ன சாமான் இருக்கிறது. கிரைண்டர் இருக்கிறதா என்றால் கலியம்மாள் சின்னது ஒன்று இருக்கிறது என்பாள். அது பொய்யில்லை. கடைசியில் ஏணிப் படம் ஒன்றைக் காட்டுவாள். பத்துப் படி. மேல் படி ரொம்ப நல்ல வாழ்க்கை, கீழ்ப் படி ரொம்ப மோசம். நீங்கள் எந்தப் படி? கலியம்மாள் எப்போதும் அஞ்சு என்பாள். நடுவில் நின்றால் ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் தொந்தரவில்லை என்று அவளுக்குத் தோன்றும்.

நாகராஜன் போன பிறகு வந்தபோது, வீட்டில் எத்தனை பேர் என்றதற்கு ஒருத்தி என்றாள். டேப்லெட் ஒத்துக்கொள்ளவில்லை. போனமுறை இரண்டு பேர் இருந்தார்களே, இன்னொருவர் எங்கே என்று அதில் கேள்வி வந்தது. குழாயடியில் உட்கார்ந்தது, சோற்றுக்கை காய்ந்திருந்தது, எல்லாம் அப்போது சொன்னாள். யாரிடமும் அவ்வளவு சொன்னதில்லை. நிவேதா எழுதிக்கொண்டு, போன ஏழு நாளில் எத்தனை நாள் மனசு பாரமாக இருந்தது என்று படித்தாள்.

“பாரம்லாம் ஒண்ணும் இல்ல பாப்பா. ஒண்ணுமே இல்ல.”

நிவேதா விரலைக் கொஞ்ச நேரம் அந்தரத்தில் வைத்திருந்துவிட்டு, பூஜ்யத்தைத் தொட்டாள்.

இரண்டு வருஷம் முடிந்தது. கடைசிச் சுற்றுக்கு வரப்போகிறார்கள் என்றபோது ஒரு செய்தியும் கூடவே வந்தது. இந்தத் தெருவில் என்னமோ சரியில்லை, மெஷினை யாராவது கைமாற்றினார்களா என்று இந்தத் தடவை நேராகக் கேட்கப் போகிறார்களாம். சுரேஷ்குமார் படித்த காகிதம் அப்போதுதான் எல்லோருக்கும் முழுசாகப் புரிந்தது. அரைக்கக் கொடுத்ததும் கொடுத்ததுதானாம்.

ஒன்பது பேர் பேசி முடிவு செய்தார்கள். இல்லை என்று சொல்லிவிட வேண்டும். பத்தாவது ஆளிடம் மஞ்சுளா வந்தாள். கலியம்மாள் கிணற்றடியில் குண்டான் தேய்த்துக்கொண்டிருந்தாள். மெஷின் போனால் தன் பெண் வினோதினியின் காலேஜ் படிப்பு நின்றுவிடும் என்றாள் மஞ்சுளா. உன் பொழைப்பும்தானே போகும், தோள் வலியோடு அந்தச் சின்ன கிரைண்டரில் எத்தனை தடவை போடுவாய் என்றாள்.

“இல்லன்னு ஒரு வார்த்தக்கா. அந்தப் பொண்ணு பாட்டுக்கு எழுதிக்கினு பூடும்.”

கலியம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. குண்டானைக் கவிழ்த்து வைத்தாள்.

நிவேதா வந்தது வெள்ளிக்கிழமை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பழைய கேள்விகள் எல்லாம் முடிந்தன. பிறகு அவள் நிமிர்ந்து பார்த்து, இந்த இரண்டு வருஷத்தில் வேறு யாருக்காவது கொடுத்த மெஷினில் நீங்கள் அரைத்தீர்களா என்று கேட்டாள். அடுத்த வீட்டில் மஞ்சுளாவின் கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டிருந்தபோதே நின்றது.

பயம் வரும் என்று கலியம்மாள் எதிர்பார்த்தாள். வரவில்லை. தைரியமும் வரவில்லை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தால் அந்தச் சொம்பும், கற்பூரமும், உளுந்த எடுத்துக்கினு வாக்கா என்று மஞ்சுளா வந்து நின்றதும் எல்லாம் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். அதைச் சுமக்கத் தன்னிடம் தெம்பு இல்லை என்றுதான் பட்டது.

“அரச்சன். தினம் ரெண்டு மணிக்கு.”

நிவேதா டேப்லெட்டைக் கீழே வைத்தாள்.

“ஆத்தா எதிர குலுக்கிப் போட்டீங்க. பிரசாதத்த எப்டிம்மா ஒண்டியா வெச்சிக்கறது? அவ மேல தப்பு இல்ல. எடுக்கறதுன்னா எங்கிட்ட இன்னா இருக்குதோ எடுத்துக்கினு போங்க.”

நிவேதா டேப்லெட்டைத் திரும்ப மடியில் எடுத்து வைத்தாள். பிறகு, “மத்த ஊர்லல்லாம் மெஷின் வாங்கினவங்க மட்டும் மேல ஏறியிருக்காங்கம்மா. இந்தத் தெருவுல பத்துப் பேரும் ஒண்ணா ஏறியிருக்கீங்க. ஏன்னு எங்களுக்குப் புரியவே இல்ல” என்றாள்.

ஒரு மாதம் தெரு முழுக்க வேன் சத்தம் கேட்டாலே மெஷினை எடுக்க வருகிறார்களோ என்று கதவைச் சாத்தினார்கள். மஞ்சுளா கலியம்மாளோடு பேசவில்லை. ஆனால் இரண்டு மணிக்குக் கதவைத் திறந்து வைத்தாள். கலியம்மாள் போய் அரைத்துவிட்டு, கல்லைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். காசம்மாள்தான் தெருக்குழாயில் எல்லோர் காதும் கேட்க, “அரிச்சந்திரன் தங்கச்சி தண்ணி புடிக்க வராங்க, வழி வுடுங்கடி” என்றாள்.

அப்புறம் ஒரு மத்தியானம் நிவேதா டேப்லெட் இல்லாமல் மஞ்சுளா வீட்டுக்கு வந்து, கலியம்மாளையும் கூப்பிட்டாள். கொடுத்தது கொடுத்ததுதான், மெஷினை எடுக்கமாட்டார்கள் என்றாள். மஞ்சுளா மெஷின் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். மற்ற ஊர்களில் மெஷின் கிடைக்காமல் காத்திருந்த பெண்களுக்கும் அடுத்து மெஷின் வருகிறதாம். இந்தத் தெருவில் காத்திருந்த ஐந்து பேருக்கு மட்டும் வராது. மெஷின் வந்தவர்களும் வராதவர்களும் கலந்துபோனதால் இந்தத் தெருவையே ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்களாம்.

“நான் சொன்னதுல்லாம்?” என்று கேட்டாள் கலியம்மாள்.

“அதுவும்தான்ம்மா.”

“அவரு போனத எழுதினியே.”

நிவேதா தலையைக் குனிந்துகொண்டாள். அது எனக்கு மறக்கவில்லை என்று மெதுவாகச் சொன்னாள். கலியம்மாள் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் மோர் கொடுத்தாள். 

நிவேதா போனபோது மணி இரண்டு ஆகியிருந்தது. கலியம்மாள் ஊறின உளுந்தைத் தூக்கிக்கொண்டு மஞ்சுளா வீட்டுக்குப் போய் மெஷினில் போட்டாள். கல் சுற்ற ஆரம்பித்தது. மஞ்சுளா பக்கத்தில் வந்து நின்றாள்.

“உனக்கு ஒண்ணு வந்திருக்கும். ஏன்க்கா சொன்னே?”

“கேட்டாங்க” என்றாள் கலியம்மாள்.

மாவு பொங்கி மேலே வந்தது. தண்ணீர் கொஞ்சம் தெளிக்க வேண்டியிருந்தது. மஞ்சுளா தெளித்தாள்.