காப்புக் கட்டிய நாலாம் நாள்

மூன்று வருடங்களுக்கு முன், பங்குனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். சாத்தூரில் நான் வேலை பார்க்கும் பள்ளியின் ஆசிரியர் அறையில் இது நடந்தது.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு எப்போதுமே கொஞ்சம் அதிகம். அப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை. வேலை விட்டால் நேரே சாராயக் கடைதான். ஒருமுறை என்னைப் பார்க்கக் கல்லூரிக்கு வந்தவர் போதையில் வாசலிலேயே விழுந்து கிடந்தார். என் தோழிகள் அவரைத் தாண்டிப் போனார்கள். நானும் தாண்டிப் போனேன். டீச்சர் வேலை கிடைத்ததும் அம்மாவை அழைத்துக்கொண்டு சாத்தூருக்கு வந்துவிட்டேன். அப்பா கிராமத்தில் தனியாக இருந்தார்.

அந்த வாரம், அவர் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டார் என்று தகவல் வந்தது. இனி குடிப்பதில்லை என்று அம்மனுக்கு முன்னால் கையில் கட்டிக்கொள்ளும் மஞ்சள் கயிறு அது. எங்களோடு வந்து இருக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். "படிச்சவ அவதான. அவ சரின்னா எனக்கும் சரி" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அதனால்தான் என்னிடம் வந்தார். குளித்து, தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. பக்கத்து நாற்காலி டீச்சர், "உங்க அப்பாவா? அப்படியே உங்க மூக்கு!" என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் டீயை அவர் கையில் கொடுத்தார். அப்பா வெட்கத்தோடு சிரித்தார்.

டம்ளர் ஆடியது. இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். டீ தளும்பி, நான் திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாள்களின் மேல் கொட்டியது. நெற்றி முழுக்க வேர்வை. அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"குடிச்சிட்டா வந்திருக்கீக?"

"இல்ல தாயி. அம்மன் மேல சத்தியமா..."

"கயிறக் கட்டிக்கிட்டே குடிக்கீகளா? அம்மனையும் ஏமாத்தியாச்சா? எந்திரிங்க. இனிமே இங்கன வராதீக."

அவர் எழுந்தார். தோள் துண்டால் மேசையைத் துடைத்தார். தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து உதறி அடுக்கி வைத்தார். பிறகு போய்விட்டார். ஒரு அடி பக்கத்தில் போயிருந்தால் சாராய வாடை இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்கும். நான் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து, அப்பாவோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்தார். வந்த வேகத்தில் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மனுசன் செவ்வாக்கெழம வரைக்கும் நாலு நாளா சொட்டுக்கூடத் தொடலக்கா. விட்ட ஒடனே கைநடுக்கம் வந்துருச்சு. தினமும் காலையில கொஞ்சம் போட்டுட்டு வருவாரு, அதுல கை நிக்கும். அதுவும் இல்லையா, ஆட ஆரம்பிச்சிருச்சு. அன்னைக்குக் காலையில போர்மேன் கேட்டுலயே நிறுத்திட்டாரு. 'கை நடுங்குறவன மருந்துப் பக்கம் விட்டா அம்புட்டுப் பேரும் சேந்து போக வேண்டியதுதான்'னு திருப்பி அனுப்பிட்டாரு. 'பரவாயில்ல, எம் மகளப் பாத்துட்டு வாரேன்'னு சிரிச்சிக்கிட்டேதான் பஸ் ஏறுனாரு."

குடியைத் திடீரென்று விட்டால் முதல் சில நாட்கள் உடம்பு நடுங்கும், வேர்க்கும். நான் அறிவியல் டீச்சர். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்றே கிராமத்துக்கு ஓடினேன். கதவு திறந்து கிடந்தது. அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் கயிறு இல்லை. வாசலிலேயே வாடை அடித்தது. என்னைப் பார்த்ததும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"வாங்க டீச்சர். உக்காருங்க. பாய் போடட்டா?"

கிண்டலா, நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து, "தப்புப் பண்ணிட்டேம்ப்பா" என்று அழுதேன். அவர் என் தலையில் கை வைத்தார். அந்தக் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

மறுநாள் போனபோது, நான் வந்ததே அவருக்கு நினைவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் சொன்னது மட்டும் ஒரு வார்த்தை விடாமல் நினைவிருந்தது.

கம்பெனியில் அவரை மறுபடி எடுக்கவில்லை. திரும்பக் காப்புக் கட்டலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன். "ஒரு தடவ கட்டுனேன்ல" என்பதோடு முடித்துக்கொள்கிறார். அம்மா எதுவும் கேட்பதில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன்பே முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுவேன். ஒருநாள்கூட அவர் குடிப்பதற்கு முன்னால் என்னால் போய்ச் சேர முடிந்ததில்லை. அவர் போதையில் என்னிடம் கேட்ட மன்னிப்புகளை நான் ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை. இப்போது நான் கேட்கும் மன்னிப்பைத் தெளிந்த மனதோடு காதில் வாங்கிக்கொள்ள ஒரு அரைமணி நேரம் தருவாரா என்றுதான் வாரா வாரம் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.