ஏரி நீரில் இருவர்

1998ஆம் ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில், எங்கள் ஓவியக் கூடத்தின் மாடியில் அவரை முதன்முதலாகச் சந்தித்தேன். கூடத்து ஓவியங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்க்கவும், விளக்கவுரை கேட்கவும் உதவும் குறுந்தகடு ஒன்று அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. விளக்கங்களை எழுதும் பொறுப்பு என்னுடையது. ஓவியங்களைப் படமெடுக்கும் பொறுப்பு அவருடையது. கடைத்தெருவில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருந்தவர்.

கண்ணாடியிட்ட ஓவியத்தைப் படமெடுத்தால் எதிரில் நிற்பவரின் உருவமும் அதில் விழுந்துவிடும். ஆகவே, லென்ஸ் அளவுக்குத் துளையிட்ட கறுப்புத் துணியைக் கேமராவுக்கு முன்னால் திரைபோல் பிடிக்கவேண்டும். பிடித்தவர் அவருடைய மனைவி. கூடத்தில் கணவருக்குக் 'கறுப்புத்துணிக்காரர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கை கடுக்க நிற்கும் அந்த அம்மாள் வாயை மட்டும் சும்மா வைத்திருக்கமாட்டார். "இந்தக் கண்ணாடியப் பாக்குற அக்கறையில பாதி வீட்டுக் கண்ணாடியப் பாத்திருந்தா, தாடியாவது ஒழுங்கா இருந்திருக்கும்" என்பார். அவர் பதிலுக்கு ஏதோ முணுமுணுப்பார், துணி குலுங்கும்.

குறுந்தகடு வெளிவந்தது. முன்னறைக் கணினியில், இரவு நேர ஏரியைத் தீட்டிய ஓவியத்தைப் பெரிதாக்கிப் பார்த்த ஒரு பெண்மணி, தண்ணீருக்குள் நிற்கும் இருவர் யார் என்று காவலாளியிடம் கேட்டார். கேமராவின்மேல் குனிந்தபடி அவர்; பக்கத்தில், துணி இடுப்புவரை சரிந்திருக்க, வாய்விட்டுச் சிரித்தபடி அவருடைய மனைவி. கூடத்தின் இயக்குநர் விசாரித்தபோது, "துணி பிடிச்சவ கவனமா இல்ல சார்" என்று சொல்லிவிட்டார் கறுப்புத்துணிக்காரர். அந்த அம்மாள் மறுத்துப் பேசவில்லை. மறுபதிப்பில் அப்படத்தை மாற்றுவதென்று முடிவாயிற்று.

மறுபதிப்புக்குச் சில ஆண்டுகள் ஆயின. அதற்குள் அந்த அம்மாள் காலமாகிவிட்டார். புதிதாக எடுக்கவேண்டிய மற்றப் படங்களையெல்லாம் சொன்ன நாளில் கொடுத்தவர், ஏரியை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். வெளிச்சம் சரியில்லை என்றார். பிறகு தோள்வலி என்றார். சாக்குப்போக்குச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லாததால் நேரடியாகவே கேட்டேன்.

"நாங்க சேந்து இருக்குற படம் அது ஒண்ணுதான் டீச்சர். ஊர்ல எல்லாரையும் நான் எடுத்தேன். எங்கள எடுக்க யாரு இருந்தா?"

கூடத்துக் கடிதங்களில் சந்திப்பிழைகளைத் திருத்தப்போய் எனக்குக் கிடைத்த பெயர் 'டீச்சர்'. ஒரு படி எடுத்து வீட்டில் மாட்டிக்கொள்ளலாமே என்றேன். அது ஏற்கெனவே இருக்கிறதாம்.

"ஆனா அவ வேல பாத்த இடம் இதுதானே. இங்கருந்து அவள என் கையாலயே எப்படி அழிக்கிறது?"

இயக்குநரிடம் எடுத்துச் சொன்னேன். ஏரியை மீண்டும் எடுத்தே ஆகவேண்டும் என்றார் அவர். ஆனால், படங்கள் எடுக்கப்பட்ட விதத்தை விளக்கும் பகுதியில் பழைய படத்தையும் சேர்க்க இசைந்தார். அதைக் கேட்ட வாரமே, துணியை இரண்டு கம்புகளில் கட்டித் தொங்கவிட்டு, தனியாளாக ஏரியை எடுத்துக் கொடுத்தார் கறுப்புத்துணிக்காரர்.

பிறகு நோயில் விழுந்தார். பழைய படத்துக்கான விளக்கத்தை மருத்துவமனைக்கு எடுத்துச்சென்று படித்துக் காட்டினேன்: 'உதவியாளரின் கையிலிருந்து துணி நழுவியபோது பதிந்த பிம்பம்.' கண்களை மூடியபடி கேட்டவர், மாற்றி எழுதித் தரும்படி வேண்டினார். என்னிடம் அவர் கடைசியாகக் கேட்டது அதுதான்.

"உதவியாளர்னு வேணாம், மனைவின்னு போடுங்க. துணி தானா நழுவல. எடுக்கப்போற நேரத்துல டைரக்டர் சார் இருமுற மாதிரி இருமிக் காட்டினேன். அதுலதான் சிரிச்சுட்டா. அதையும் எழுதிடுங்க டீச்சர்."