தாய்மாமன் வந்த மின்சாரக் கார்

என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான். நல்ல நேரம் முடிவதற்குள் சீர்த்தட்டுகளோடும் கிடாயோடும் பெரம்பலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் எங்கள் சித்தப்பா மகன் மடியைத் தயாராக வைத்திருந்தான். அவனும் முறைக்கு மாமன்தான்.

பெட்ரோல் காரை விற்று மின்சாரக் கார் வாங்கியதிலிருந்து தங்கையின் கணவருக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு. "என்ன மச்சான், செல்போனுக்கும் காருக்கும் ஒரே சார்ஜர்தானா?" என்பார். பங்கில் போய் நின்றால் டீ ஆறுவதற்குள் டேங்க் நிறைந்துவிடும் என்று அவர் பெருமையடிப்பதில் பொய் இல்லை. அதே வேகத்தில் பர்ஸும் காலியாகிறதே மாப்ள என்று நானும் விடமாட்டேன். வாய்தான் அப்படி. ஒவ்வொரு முறை வெளியூர் கிளம்பும்போதும் எனக்கு உள்ளுக்குள் உதறல்தான்.

முதல் நாள் சாயங்காலமே காரைச் சார்ஜில் போட்டுவிட்டேன். விடிவதற்குள் நிறைந்திருக்க வேண்டும். ஆனால் போட்ட கொஞ்ச நேரத்தில் இடி இடித்தது. எங்கள் ஊர்ப்பக்கம் இடி இடித்தால் டி.வி. பிளக்கைப் பிடுங்குவோம், ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குவோம். என் மனைவி வீடு முழுக்கப் பிடுங்கி முடித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் காரையும் பிடுங்கிவிட்டாள். மழை விட்டதும் டி.வி.யைத் திரும்ப மாட்டியவளுக்குக் கார் ஞாபகம் வரவில்லை.

காலையில் காரின் திரையைப் பார்த்தேன். போக வேண்டிய தூரத்துக்கும் கார் போவேன் என்று காட்டிய தூரத்துக்கும் ஐந்தாறு கிலோமீட்டர் இடித்தது. நான் கத்தினேன்.

"இடி எறங்கி டி.வி. போனா போவுது. அம்புட்டுக் காசு போட்டு வாங்குன காரு போனா என்னா பண்ணுவீங்க?" என்றாள் மனைவி. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்ததால் இன்னும் கோபம் வந்தது.

பைபாஸ் ஓட்டல் வாசலில் சீக்கிரம் ஏற்றும் சார்ஜர் ஒன்று இருந்தது. போனோம். "நெட்வொர்க் இல்ல சார், மத்தியானத்துக்கு மேல வாங்க" என்றார் காவலாளி. மத்தியானம் நல்ல நேரம் இல்லை. வருவது வரட்டும் என்று அரியலூர் ரோட்டில் திருப்பினேன்.

பேட்டரியை மிச்சம் பிடிக்க ஏசியை நிறுத்தினேன். பின் சீட்டில் தார்ப்பாய் விரித்துக் கிடாயை உட்கார வைத்திருந்தோம். பெட்ரோல் வண்டியாக இருந்தால் எஞ்சின் சத்தம் அதன் குரலைக் கொஞ்சமாவது அமுக்கியிருக்கும். இதில் அது போட்ட 'மே' ஒவ்வொன்றும் என் பிடரியிலேயே விழுந்தது. ஜன்னலைத் திறந்தால் சிமெண்ட் தூசி, மூடினால் கிடா வாடை. மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜாடையாக என்னைத் திட்டியபடி வந்தாள்.

அரியலூர் நெருங்கும்போது சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசை கட்டி நின்றன. போச்சு, மானம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் ஊர்ந்து ஊர்ந்து அந்த நெரிசலைத் தாண்டிய பிறகு பார்த்தால், கார் காட்டிய கிலோமீட்டர் குறையவே இல்லை. நின்றால் இந்தக் காருக்குச் செலவு கிடையாது. மெதுவாகப் போனால் செலவு குறைவு. பிரேக் போட்டால் கொஞ்சம் மின்சாரம் திரும்பப் பேட்டரிக்கே போகும். பெட்ரோல் கார்க்காரர்கள் ஹாரன் அடித்துச் சபித்துக்கொண்டிருந்த இடத்தில் எனக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை.

அதற்கப்புறம் நான் யாரையும் முந்தவில்லை. ஜெயங்கொண்டம் போகும் ஒரு லாரியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டேன். ஒரு மொபெட் எங்களைத் தாண்டிப் போனது.

"எறங்கி நடந்தாகூட நான் முன்னால போயிருவேன்" என்றாள் மனைவி.

மாப்பிள்ளை போன் போட்டார். "மச்சான், கட்டி இழுக்கக் கயிறு எடுத்துட்டு வரட்டுமா?" பின்னால் நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேர்வை என்று மனைவியிடம் சொன்னேன்.

தங்கை வீட்டுத் தெருவுக்குள் திரும்பியபோது திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. மாமன் வந்தால் தெருமுனையிலிருந்து மேளத்தோடு அழைத்துப் போக வேண்டும். மேளக்காரர்களோ கார் சத்தம் கேட்டால் எழுந்துகொள்ளலாம் என்று முதுகைக் காட்டி உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களையும் ஆரத்தித் தட்டையும் சத்தமில்லாமல் தாண்டிப் பந்தல் வாசலுக்கே போய்விட்டேன். கிடா கத்திய பிறகுதான் கூட்டம் திரும்பிப் பார்த்தது. அழைப்பு இல்லாமல் சீர் இறங்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்ல, காரைப் பின்னோக்கியே ஓட்டி மறுபடி தெருமுனைக்குப் போய், மேளத்தோடு வந்து இறங்கினேன்.

தங்கை குழந்தையை இடுப்பிலிருந்து இறக்காமல் நின்றிருந்தாள். சித்தப்பா மகன் எத்தனையோ முறை கேட்டும் கொடுக்கவில்லையாம். "எங்கண்ணன் வராம காது குத்துற ஆசாரிய உள்ள வுடமாட்டேன்னு சொல்லிட்டேன்" என்றாள். நல்ல நேரம் முடிவதற்குள் குழந்தை என் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுதது. எனக்கும் அழுகை வந்தது.

பந்தி முடிந்ததும் மாப்பிள்ளை சமையலறை ஜன்னல் வழியாக வயரை இழுத்துக் காரில் மாட்டிவிட்டுச் சிரித்தார். "காலையிலதான் ஏறி முடியும் மச்சான். பெட்ரோல் வண்டின்னா இந்நேரம் வூட்டுக்குப் போயி குளிச்சிருப்பீங்க."

"ஆமா, போயிருக்கும்" என்றாள் தங்கை. "இந்த வூட்டுக்கு நான் வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து எங்கண்ணன் சாப்புட்டுக் கை கழுவுன ஈரம் காயறதுக்குள்ள கெளம்பிரும். இன்னிக்குத்தான் தங்கப் போவுது."

சொல்லிவிட்டு எனக்குத் தலையணை உறை மாற்றப் போய்விட்டாள்.